சாய்வு என்னும் கருத்தும் தமிழ்வழி இயற்கணிதக் கற்பித்தலும்: சொல், விகிதம், சார்பு

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தில் நேர்க்கோட்டின் சாய்வு ஒரு சூத்திரமாக எளிதில் மனனம் செய்யப்படுகிறது. ஆனால் மாறுவீதம் என்ற கருத்தாக அது மாணவர் மனத்தில் நிலைபெறுவது அரிதாகவே உள்ளது. இதற்கான காரணங்களுள் சில கணிதத்துக்கு உரியவை; சில சொல்லுக்கும் மொழிக்கும் உரியவை. ‘சாய்வு’ என்ற கலைச்சொல்லின் அன்றாடப் பொருள் கணிதப் பொருளோடு முரண்படும் இடங்களையும், தமிழின் தொடரமைப்பு இக்கருத்துக்குத் துணைசெய்யும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. வேறுபாட்டை விகிதமாகக் கொள்ளும் பிழை, கோணத்தைச் சாய்வாகக் கொள்ளும் பிழை, வெட்டுத்துண்டை மறந்து விகிதசமமாகக் கொள்ளும் பிழை ஆகிய மூன்றும் எடுத்துக்காட்டுகளுடன் ஆராயப்படுகின்றன. இவற்றின் அடிப்படையில் வகுப்பறைக்கு ஏற்ற ஒரு கற்பித்தல் வரிசை முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சாய்வு, படித்திறன், வாட்டம், மாறுவீதம், நேரிய சார்பு, வெட்டுத்துண்டு, கலைச்சொல், தமிழ்வழிக் கல்வி.

முன்னுரை

நடுநிலை வகுப்புகளில் கற்ற விகிதமும், உயர்நிலை வகுப்பில் கற்கும் சார்பும், மேல்நிலை வகுப்பில் கற்கவிருக்கும் வகையிடலும் சந்திக்கும் இடம் சாய்வு. ஒரு நேர்க்கோட்டின் சாய்வை மாறுவீதம் என்று உணர்ந்த மாணவருக்கு, வளைவரையின் தொடுகோட்டுச் சாய்வே வகைக்கெழு என்பது இயல்பான அடுத்த படியாக அமையும். அதைச் சூத்திரமாக மட்டும் அறிந்தவருக்கு வகையிடல் மற்றொரு சூத்திரத் தொகுப்பாகவே தோன்றும். எனவே இங்கு நேரும் இடறல் ஒரு பாடத்தோடு முடிவதில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் நேரிய சார்பு ‘உறவுகளும் சார்புகளும்’ என்னும் முதல் இயலிலும், சாய்வு ‘ஆயத்தொலை வடிவியல்’ என்னும் ஐந்தாம் இயலிலும் இடம்பெறுகின்றன. முன்னதில் சார்பின் கெழுவாக வரும் எண்ணும் பின்னதில் கோட்டின் சாய்வாக வரும் எண்ணும் ஒன்றே. ஆயினும் இரண்டுக்கும் இடையே பல வாரப் பாடவேளைகள் கடந்துவிடுவதால், அவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்ததாகிறது. அப்பொறுப்பை நிறைவேற்ற உதவும் சில தெளிவுகளைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கருத்து, பல தோற்றங்கள்

சாய்வு பற்றிய ஆய்வுகளுள் ஷெரில் ஸ்டம்ப் 1999-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்தாளப்படுவது. சாய்வை வடிவியல் விகிதம், இயற்கணித விகிதம், பொருளின் பௌதிகப் பண்பு, சார்பின் மாறுவீதம், சமன்பாட்டின் கெழு, முக்கோணவியல் விகிதம் முதலிய பல தோற்றங்களில் காணலாம் என்பதை அவர் வகைப்படுத்தினார். பணியிலுள்ள ஆசிரியர்கள், ஆசிரியப் பயிற்சி பெறுவோர் ஆகிய இருதரப்பினரின் வரையறைகளிலும் வடிவியல் விகிதமே மேலோங்கியிருந்தது என்பதும், மாறுவீதம் சார்ந்த வினாக்கள் அவர்களுக்கே கடினமாக இருந்தன என்பதும் அவ்வாய்வின் முக்கிய முடிவுகள்.

இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. ஆசிரியர் எந்தத் தோற்றத்தை முதன்மையாகக் கொள்கிறாரோ அதுவே மாணவருக்கும் முதன்மையாகும். ஏறுமுகமான ஒரு கோட்டின் படம் மட்டுமே சாய்வு என்று பதிந்த மாணவர், ‘மாதத்துக்கு 300 ரூபாய் சேமிப்பு’ என்ற தொடரில் சாய்வு இருப்பதைக் காண்பதில்லை. தோற்றங்கள் பலவாயினும் அவற்றின் அடியில் உள்ள கருத்து ஒன்று: ஓர் அளவு மாறும்போது அதனைச் சார்ந்த மற்றோர் அளவு எவ்வீதத்தில் மாறுகிறது என்பதே அது.

‘சாய்வு’ என்ற சொல்லின் இருபொருள்

‘சாய்தல்’ என்ற வினை தமிழில் நிமிர்ந்த நிலையிலிருந்து விலகுவதைக் குறிக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பனைமரத்துக்குச் சாய்வு இல்லை. காற்றில் ஒருபுறம் வளைந்த தென்னைக்குச் சாய்வு உண்டு. சாய்வு நாற்காலியில் சாய்வு மிகும்போது அதன் முதுகுப்பலகை தரையை நெருங்குகிறது. ‘பொழுது சாய்ந்தது’, ‘தலை சாய்த்தான்’ என்ற வழக்குகளும் இப்பொருளையே தாங்கி நிற்கின்றன. ஆக, அன்றாட வழக்கில் சாய்வு செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது.

கணிதத்தில் நிலைமை நேர்மாறானது. கிடைக்கோட்டின் சாய்வு பூச்சியம். கோடு நிமிர நிமிரச் சாய்வின் மதிப்பு பெருகுகிறது. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை. அன்றாடச் சொல்லறிவை நம்பும் மாணவர் ‘அதிகச் சாய்வு’ என்று கேட்டவுடன் தரையை நோக்கிப் படுத்திருக்கும் கோட்டைத் தேர்ந்தெடுப்பது அறியாமையன்று. மொழியைச் சரியாகப் பயன்படுத்துவதன் விளைவே. அப்பிழையைத் திருத்தும் ஆசிரியர் அதன் வேரை அறியாவிடில், மாணவர் சூத்திரத்தை நம்பித் தம் மொழியறிவை ஐயுறத் தொடங்குவார்.

இலங்கைத் தமிழ்வழிப் பாடநூல்கள் இதே கருத்துக்குப் ‘படித்திறன்’ என்ற சொல்லைக் கையாள்கின்றன. இச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் படிக்கட்டு தோன்ற வாய்ப்புண்டு. படிக்கட்டில் கிடையாக எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு உயர்வோம் என்பதே வினா. ஆகவே இது கணிதப் பொருளுக்கு அணுக்கமானது. தமிழ்நாட்டில் கட்டட வேலையாளரிடையே வழங்கும் ‘வாட்டம்’ என்ற சொல்லும் இத்தகையதே. மொட்டைமாடியில் மழைநீர் வடியத் தளத்துக்கு வாட்டம் விடுகின்றனர். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலம் தாழ விட்டால், பத்தடி என்பது 120 அங்குலமாதலால், வாட்டத்தின் அளவு 1/120 ஆகும். வாட்டம் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. சுவரின் சாய்வு தூக்குக்குண்டின் நூலிலிருந்து அளக்கப்படுகிறது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஆகிய இவ்விரு கருவிகளும் இருவேறு தொடக்கநிலைகளைக் காட்டுவன.

பாடநூற் சொல்லை மாற்ற வேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஊன்றிவிட்ட கலைச்சொல்லை மாற்றுவது புதிய குழப்பங்களுக்கு இடந்தரும். ‘கணிதத்தில் சாய்வு என்பது மட்டத்திலிருந்து அளக்கப்படும் வாட்டம்’ என்று முதற்பாடவேளையிலேயே தெளிவுபடுத்துவது போதுமானது.

‘இல்லை’ என்ற விடையின் மயக்கம்

கிடைக்கோட்டின் சாய்வு என்ன என்ற வினாவுக்கும் செங்குத்துக் கோட்டின் சாய்வு என்ன என்ற வினாவுக்கும் ‘சாய்வு இல்லை’ என்ற ஒரே விடை வருவது இயல்பு. தமிழில் ‘இல்லை’ என்பது அளவு பூச்சியமாக இருப்பதையும் அளவே அமையாதிருப்பதையும் குறிக்கும். ‘கையில் பணம் இல்லை’ என்பது முதல்வகை. ‘இவ்வினாவுக்கு விடை இல்லை’ என்பது இரண்டாம் வகை. கணிதம் இவ்விரண்டையும் பிரிக்கிறது.

கிடைக்கோட்டில் கிடைமாற்றம் உண்டு, குத்துமாற்றம் பூச்சியம். பூச்சியத்தை ஓர் எண்ணால் வகுத்தால் பூச்சியமே கிடைக்கும். செங்குத்துக் கோட்டில் குத்துமாற்றம் உண்டு, கிடைமாற்றம் பூச்சியம். பூச்சியத்தால் வகுத்தல் வரையறுக்கப்படவில்லை. சார்பு நோக்கில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். கிடைக்கோடு ஒரு மாறிலிச் சார்பு. செங்குத்துக் கோடோ சார்பே அன்று; ஏனெனில் ஒரே உள்ளீட்டுக்கு எண்ணற்ற வெளியீடுகள் அங்கு அமைகின்றன. மாறுவீதத்தை வினவுவதற்குரிய சார்பு அங்கே இல்லாததால் சாய்வும் வரையறையற்றுப் போகிறது. எனவே வகுப்பறையில் ‘இல்லை’ என்ற விடையை ஏற்காமல், ‘பூச்சியம்’ அல்லது ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற இரண்டுள் ஒன்றைக் காரணத்தோடு சொல்லச் செய்வது நலம்.

வேறுபாடா, விகிதமா?

ஜோன் லொபாட்டோ, ஆமி எல்லிஸ், ரிக்கார்டோ முன்யோஸ் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் சாய்வை விகிதமாகக் கொள்ளாமல் வேறுபாடாகக் கொள்ளும் போக்கைச் சுட்டியது. ‘இத்தனை கூடுகிறது’ என்ற வகுப்பறைப் பேச்சும், ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்ட அட்டவணைகளும் மாணவரின் கவனத்தை ஓர் அளவின் மாற்றத்தின் மீதே குவித்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. இது தமிழ்வழி வகுப்புக்கும் பொருந்தக்கூடிய எச்சரிக்கை.

உள்ளீடு 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகக் கூடும் அட்டவணையில் வெளியீட்டின் வேறுபாடும் சாய்வும் ஒரே எண்ணாக அமைகின்றன. வகுக்கும் எண் எப்போதும் 1 ஆதலால் வகுத்தல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இடைவெளி மாறும் அட்டவணையில்தான் உண்மை வெளிப்படும். (2, 7), (5, 13), (11, 25) என்ற மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். வெளியீட்டின் வேறுபாடுகள் 6, 12. வேறுபாட்டை மட்டும் நோக்குபவர் இது நேரிய சார்பன்று என்று முடிவு செய்வார். கிடைமாற்றங்கள் 3, 6 என்பதையும் சேர்த்து நோக்குபவர் இரண்டு இடத்தும் விகிதம் 2 என்று காண்பார். அதிலிருந்து ‘வெளியீடு = 2 × உள்ளீடு + 3’ என்ற விதி பிறக்கிறது.

கோட்டின் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் விகிதம் ஏன் மாறுவதில்லை என்பதும் விளக்கப்பட வேண்டும். கோட்டின் மீது வரையப்படும் சிறிய செங்கோண முக்கோணமும் பெரிய செங்கோண முக்கோணமும் வடிவொத்தவை. ஆதலால் அவற்றின் ஒத்த பக்கங்களின் விகிதங்கள் சமம். அமெரிக்காவில் 2010-இல் வெளியான பொதுக் கலைத்திட்டத் தரநிலைகள் எட்டாம் வகுப்பிலேயே இவ்விளக்கத்தை எதிர்பார்க்கின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும் வடிவொத்த முக்கோணங்கள் பத்தாம் வகுப்பு வடிவியலில் வருவதால் இவ்விணைப்பு எளிதில் இயலும்.

தமிழ்த் தொடரமைப்பு தரும் துணை

‘சாய்வு’ என்ற சொல் இடர் தருமாயினும் தமிழின் தொடரமைப்பு பெருந்துணையாகிறது. ‘ஒரு கிலோமீட்டருக்கு 12 ரூபாய்’ என்ற தொடரில் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ எந்த அளவை ஏற்கிறதோ அதுவே வகுக்கும் அளவு. பின்னத்தைப் படிக்கும் முறையும் இதற்கு இசைந்தது. 3/4 என்பதைத் தமிழ் ‘நான்கில் மூன்று’ என்று பகுதியை முதலிலும் தொகுதியைப் பின்னும் வைத்துச் சொல்கிறது. வீதத்தைச் சொல்லும் வரிசையும் பின்னத்தைச் சொல்லும் வரிசையும் இவ்வாறு ஒன்றுபடுகின்றன.

புள்ளியை எழுதும்போது கிடைத்தொலைவு முதலில் வருவதால், சாய்விலும் கிடைமாற்றத்தை மேலே எழுதும் பிழை மாணவரிடம் காணப்படும். ‘கு உருபு ஏற்றது கீழே’ என்ற எளிய நெறி இப்பிழையைத் தடுக்கும். இந்நெறி வேறொரு நுட்பத்தையும் காட்டும். ‘10 ரூபாய்க்கு 4 எலுமிச்சம்பழம்’ என்றால் வீதம் ரூபாய்க்கு 0.4 பழம், ‘4 பழத்துக்கு 10 ரூபாய்’ என்றால் பழத்துக்கு 2.5 ரூபாய். வாணிகம் ஒன்றே, எதை உள்ளீடாகக் கொள்கிறோம் என்பது மாறியதால் சாய்வு தலைகீழியாகிவிட்டது. அச்சுகளை மாற்றினால் சாய்வு தலைகீழாகும் என்ற கணித உண்மையைக் கடைத்தெருத் தொடர் இரண்டு விளக்கிவிடுகின்றன.

கோணமும் அளவுத்திட்டமும்

பத்தாம் வகுப்புப் பாடநூல் சாய்வைக் கோடு கிடை அச்சின் மிகைத் திசையோடு ஆக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பாக அறிமுகம் செய்கிறது. இரு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் உள்ள தளத்தில் இது முற்றிலும் சரியானது. ஆனால் நடைமுறைத் தரவுகளில் ஓர் அச்சில் கிலோமீட்டரும் மற்றோர் அச்சில் ரூபாயும் இருக்கும். அங்கே வரைதாளில் தோன்றும் கோணம் சாய்வைத் தராது.

கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்ற வீதத்தைக் கிடை அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ., குத்து அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய் என்று வரைந்தால், தாளில் கோடு ஏறத்தாழ 50 பாகை எழும். குத்து அச்சில் 1 செ.மீ. = 20 ரூபாய் என்று மாற்றினால் அதே கோடு ஏறத்தாழ 31 பாகையே எழும். வீதமோ இரண்டிலும் 12. கோணமானியால் அளந்து டேன்ஜென்ட் காணும் மாணவருக்கு முதற்படத்தில் 1.2-ஐ ஒட்டிய எண்ணும் இரண்டாம் படத்தில் 0.6-ஐ ஒட்டிய எண்ணுமே கிடைக்கும்.

ஒரிட் சஸ்லாவ்ஸ்கி, ஹாகித் செலா, யூரி லெரோன் ஆகியோர் 2002-இல் இச்சிக்கலையே ஆராய்ந்தனர். அளவுத்திட்டம் மாறும்போது சாய்வு மாறுமா என்ற வினா மாணவர்களை மட்டுமன்றி ஆசிரியர்களையும் கணித வல்லுநர்களையும் தடுமாறச் செய்தது. சாய்வு சார்பின் பண்பா, படத்தின் பண்பா என்பதே அங்கு மறைந்திருந்த வினா. சார்பின் பண்பு என்று கொண்டால் அளவுத்திட்டம் எதுவாயினும் மதிப்பு மாறாது. எனவே மாறுவீதத்தை முதலில் நிறுவி, ஒத்த அளவுத்திட்டம் என்ற நிபந்தனையோடு கோணத்தைப் பின்னர்க் கொணர்வது குழப்பத்தைக் குறைக்கும்.

வெட்டுத்துண்டும் விகிதசம மயக்கமும்

நேரிய சார்பைக் குறித்த மற்றொரு பரவலான மயக்கம், அதனை நேர் விகிதசமமாகக் கொள்வது. உள்ளீடு இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் என்ற எதிர்பார்ப்பு வெட்டுத்துண்டு பூச்சியமாக உள்ளபோது மட்டுமே மெய்யாகும்.

2013-இல் சென்னை ஆட்டோரிக்ஷாக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இதற்குத் தக்க சான்று. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 1.8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுகளுக்கு, கட்டணம் = 25 + 12 × (தொலைவு − 1.8). இதனைச் சுருக்கினால், கட்டணம் = 12 × தொலைவு + 3.4 ஆகும். 5 கிலோமீட்டருக்கு 63.40 ரூபாய், 10 கிலோமீட்டருக்கு 123.40 ரூபாய். தொலைவு இரட்டித்தும் கட்டணம் 126.80 ஆகவில்லை. கட்டணத்தைத் தொலைவால் வகுத்தால் முதலதில் 12.68, இரண்டாவதில் 12.34 என்று ஈவு மாறுகிறது. கட்டண மாற்றத்தைத் தொலைவின் மாற்றத்தால் வகுத்தால் 60/5, அதாவது 12 என்று நிலையாகக் கிடைக்கிறது. சாய்வு என்பது அளவுகளின் விகிதமன்று, மாற்றங்களின் விகிதம் என்பதை இவ்விரு வகுத்தல்களின் ஒப்பீடு தெளிவாக்குகிறது.

இதே சான்று வெட்டுத்துண்டின் பொருளையும் ஆராயத் தூண்டுகிறது. 3.40 ரூபாய் என்பது யாரும் செலுத்தும் தொகையன்று. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குத்து அச்சை வெட்டும் இடம் மட்டுமே அது. அவ்விடம் இவ்விதி செல்லுபடியாகும் சார்பகத்துக்கு வெளியே உள்ளது. வெட்டுத்துண்டை எப்போதும் ‘தொடக்கத் தொகை’ என்று விளக்கிவிடுவது எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதும், சார்பகத்தைக் குறிப்பிடுதல் வெறும் சடங்கன்று என்பதும் இதனால் விளங்கும்.

சராசரி வீதமும் நேரியத்தின் எல்லையும்

ஒரு சார்பு நேரியதன்று என்பதை அறிவதும் நேரிய சார்பைக் கற்பதன் பகுதியே. நீலகிரி மலை இரயில்பாதை 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2203 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்துக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர் செல்கிறது. ஏற்றம் 1877 மீட்டர். சராசரியாக மீட்டருக்கு 0.041 மீட்டர், அதாவது ஏறத்தாழ 24.5-க்கு 1. ஆயினும் பற்சக்கரத் தண்டவாளம் அமைந்த பகுதியின் மிகக் கடுமையான ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. சராசரியின் இருமடங்கு அது. இரு முனைப் புள்ளிகளைக் கொண்டு சாய்வு கண்டால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். பாதை ஒரே நேர்க்கோடாக இருந்தால்தான் எந்த இரு புள்ளிகளும் ஒரே விடையைத் தரும். இப்பாதையின் கடும் ஏற்றத்துக்கு வழக்கமான சக்கரங்களின் பிடிப்பு போதாமல் பற்சக்கரம் தேவைப்பட்டது என்பதை எண்ணினால், சராசரியை மட்டும் நம்பித் திட்டமிடுவதன் இடர் புலனாகும்.

பொறியாளர் வழக்கில் 24.5-க்கு 1 என்பதைவிட 12-க்கு 1 கடுமையானது. ‘கு’ ஏற்ற எண் வகுக்கும் எண் என்ற முன்னைய நெறி இங்கும் உதவுகிறது. வகுக்கும் எண் சிறுக்கச் சாய்வு பெருகும்.

கற்பித்தல் வரிசை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் வரிசை பெறப்படுகிறது.

முதலாவதாக, சாய்வு மட்டத்திலிருந்து அளக்கப்படுவது என்ற சொல்விளக்கம்; வாட்டம், படிக்கட்டு ஆகியவற்றின் துணையோடு.

இரண்டாவதாக, ‘இத்தனைக்கு இத்தனை’ என்ற வீதத் தொடர்கள். அவற்றைப் பின்னமாக எழுதும் பயிற்சி.

மூன்றாவதாக, சமமற்ற இடைவெளி கொண்ட அட்டவணைகள். அவற்றுள் நேரியவற்றையும் நேரியம் அல்லாதவற்றையும் பிரித்தறிதல்.

நான்காவதாக, ஒரே சார்பை இருவேறு அளவுத்திட்டங்களில் வரைந்து, மாறுவது எது, மாறாதது எது என்று ஒப்பிடல்.

ஐந்தாவதாக, வெட்டுத்துண்டு உள்ள சார்பையும் இல்லாத சார்பையும் அருகருகே வைத்துச் சமன்பாட்டை உருவாக்கல். இந்நிலையில்தான் ‘ஒய் = எம்எக்ஸ் + சி’ என்ற பொதுவடிவம் வரவேண்டும். இவ்வெழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறுபவை; அமெரிக்கப் பாடநூல்களில் ‘சி’ இருக்கும் இடத்தில் ‘பி’ இருக்கும். எழுத்தன்று, அது நிற்கும் இடமே பொருளைத் தருகிறது.

ஆறாவதாக, ஒத்த அளவுத்திட்டத் தளத்தில் கோணமும் டேன்ஜென்டும். அதன்வழி இணைகோடுகளும் செங்குத்துக் கோடுகளும்.

மதிப்பீட்டிலும் இவ்வரிசை எதிரொலிக்க வேண்டும். இரு புள்ளிகளைத் தந்து சாய்வு காணச் சொல்லும் வினா, சூத்திரத்தில் எண்களை இடும் திறனை மட்டுமே சோதிக்கும். (2, 7), (5, 13) என்ற புள்ளிகளுக்குச் சாய்வு −2 என்று எழுதப்பட்ட விடையைத் தந்து, கணக்கிடாமலே அது பிழை என்று காட்டச் சொல்லும் வினா, கருத்தைச் சோதிக்கும். உள்ளீடும் வெளியீடும் சேர்ந்தே கூடுவதால் சாய்வு குறை எண்ணாக இருக்க இயலாது என்று மாணவர் விளக்கினால், அவர் கழித்தலின் வரிசைப் பிழையைத் தாமே கண்டுகொள்வார்.

முடிவுரை

சாய்வைக் கற்பிப்பதில் எழும் இடர்கள் சூத்திரத்தின் கடுமையால் எழுவன அல்ல. அன்றாடச் சொல் செங்குத்திலிருந்தும் கணிதச் சொல் மட்டத்திலிருந்தும் அளக்கின்றன. ஒழுங்கான அட்டவணை வகுத்தலை மறைக்கிறது. வரைபடம் கோணத்தை முன்னிறுத்துகிறது. விகிதசமப் பழக்கம் வெட்டுத்துண்டை விழுங்குகிறது. இவை ஒவ்வொன்றும் மாணவர் முன்னரே அறிந்த ஒன்றிலிருந்து பிறப்பதால், வெறும் மறுபயிற்சியால் நீங்குவதில்லை. வேறுபாடு எங்கே உள்ளது என்று பெயரிட்டுக் காட்டும்போதே நீங்குகின்றன.

தமிழ்வழிக் கணிதக் கல்வியில் மொழி தடையாகவே பேசப்படுவது உண்டு. நான்காம் வேற்றுமை உருபும் பின்னம் படிக்கும் முறையும் கட்டடத் தொழிலின் சொற்களும் மாறுவீதக் கருத்தைத் தாங்கும் வலிமையுடையன என்பது அக்கூற்றை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. இலங்கை, தமிழ்நாடு ஆகிய இருநிலப் பாடநூல்களின் கணிதக் கலைச்சொற்களை, அவை மாணவர் மனத்தில் எழுப்பும் படிமங்களின் நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.